பதினைந்து வயது வாசகருக்கு எந்த அலமாரி?

இளையோருக்கென ஒரு நூல் வந்ததும் நம் இதழ்களில் வெளியாகும் மதிப்புரைகளைக் கவனித்துப் பாருங்கள். எந்த வயதுக்கு ஏற்றது, என்ன நீதி சொல்கிறது என்ற இரண்டு கேள்விகளோடு பெரும்பாலும் வேலை முடிந்துவிடுகிறது. கதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, பாத்திரங்கள் உயிரோடு நடமாடுகிறார்களா, மொழியில் உழைப்பு தெரிகிறதா என்றெல்லாம் பெரியவர்களின் நாவலைக் கேட்பதுபோல் இவற்றைக் கேட்பதில்லை. பெரியவராகும்வரை பிள்ளைகள் காத்திருக்கும் காலமே இளமை என்று நாம் எண்ணுவதால்தான் இந்தக் குறை. மதிப்புரை மாற வேண்டுமானால் அந்த எண்ணம் முதலில் மாற வேண்டும்.

இளமையின் எல்லையை நாம் எத்தனை முறை மாற்றி வரைந்திருக்கிறோம்! 1929-இல் வந்த சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 என்று வைத்தது. 1978-இல்தான் அது 18 ஆயிற்று. 2003-இன் தேசிய இளைஞர் கொள்கை 13 முதல் 35 வயது வரை இளைஞர் என்றது. 2014-இன் கொள்கை அதை 15 முதல் 29 என்று சுருக்கியது. சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறார் இலக்கியத்துக்கு பால சாகித்ய புரஸ்கார் விருதையும், 2011 முதல் 35 வயதுக்கு மிகாத எழுத்தாளர்களுக்கு யுவ புரஸ்கார் விருதையும் வழங்குகிறது. இளமைக்கான விருது எழுதுகிறவரின் வயதைப் பார்க்கிறது. வாசிக்கிறவரின் வயதைப் பார்ப்பதில்லை. பதினைந்து வயது வாசகரைச் சிறார் என்பதா, இளையோர் என்பதா? ஒரே வயதினர் எல்லாரும் ஒரே மாதிரி வாழ்வதும் இல்லை. சென்னைக்குத் தெற்கே உள்ள திருப்போரூர் வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கோவளம் குப்பத்தில் அப்பாவோடு வலை இழுத்துவிட்டுப் பள்ளிக்குப் போகும் பையனும், மாமல்லபுரத்துச் சிற்பக் கூடத்தில் உளி பிடித்துப் பழகுகிறவனும், சிறுசேரி அடுக்ககத்தில் நீட் தேர்வுக்குப் படிக்கும் பெண்ணும் ஒரே வயதினராக இருக்கலாம். பின்னட்டையில் அச்சிட்ட வயது எண் இந்த மூவரில் யாரைச் சொல்கிறது?

வயது எண் பயன்படாத நூல் ஒன்றைப் பார்ப்போம். இரா. நடராசனின் ‘ஆயிஷா’ கணையாழி இதழில் வெளிவந்து, பிறகு சிறு நூலாகப் பரவியது. ஓர் ஆசிரியை தன் அறிவியல் நூலுக்கு எழுதும் முன்னுரையாக அமைந்த கதை அது. கேள்வி கேட்டதற்காக அடிபட்ட மாணவி ஆயிஷாவின் கதையை மாணவர்களும் படித்தார்கள், ஆசிரியர்களும் படித்தார்கள். அதைச் சிறார் நூல் என்று ஒதுக்கினால் ஆசிரியர்கள் தப்பித்துக்கொள்வார்கள். பெரியவர் நூல் என்றால் ஆயிஷாவின் வயதுப் பிள்ளைகளிடமிருந்தே அதைப் பறித்ததாகும். வயது பார்த்து அளப்பவர் இங்கே என்ன எழுதுவார்? ஆயிஷாவை அந்தக் கதை முழு மனிதராக நடத்துகிறது. மதிப்புரையாளர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

பெற்றோருக்கு ஒரு வழிகாட்டல் வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வாசிப்பின் படிநிலையைச் சொல்ல வயதைவிட நல்ல வழி நம்மிடமே உண்டு. தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம், தன் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ‘நட’ நிலையில் இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கனமான விஷயங்களைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாமா என்பது அடுத்த தயக்கம். யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ சிறுமிக்கு நேரும் பாலியல் சீண்டலைப் பேசுகிறது. 2020-இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. அந்தக் கொடுமை பிள்ளைகளுக்குத்தானே நேர்கிறது? 18 வயதுக்குட்பட்டவர்களைக் காக்க 2012-இல் போக்சோ சட்டமே கொண்டுவந்த நாடு, அதே பிள்ளைகளின் கையில் அந்தக் கதையைக் கொடுக்கத் தயங்குவது பொருந்தாது. நூலில் என்ன இருக்கிறது என்பதை மதிப்புரை ஒளிக்காமல் சொல்லட்டும். பெற்றோரும் பிள்ளைகளும் வீட்டில் பேசி முடிவெடுக்கட்டும். அதே சமயம், நல்ல நோக்கத்துக்காக நடையின் தளர்ச்சியை மன்னித்துவிடவும் கூடாது. பிள்ளைகளுக்கு இது போதும் என்ற சலுகைதான் அவர்களுக்கு நாம் செய்யும் பெரிய அவமதிப்பு.

ஆகவே இதழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இளையோர் நூல் ஒன்றைப் பற்றிப் பெரியவர் எழுதும் மதிப்புரையின் பக்கத்திலேயே, அதே நூலைப் படித்த பதினைந்து வயதுக்காரர் ஒருவரின் மதிப்புரையையும் திருத்தி மழுப்பாமல் அச்சிடுங்கள். அவர்களுக்கு விமர்சிக்கத் தெரியாது என்பார்கள். எழுதக் கொடுத்துப் பார்க்காமலேயே சொல்லப்படும் தீர்ப்பு அது. ‘நாற்பதாம் பக்கத்தில் சலித்துவிட்டது’ என்று ஒரு மாணவி எழுதினால், அந்தப் பக்கத்தைத் திறந்து ஏன் என்று பார்க்க வேண்டியது எழுத்தாளரின் பொறுப்பு.