முந்துவதும் பிழையே
(மன்றத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

கவிதை பேசவேண்டிய மேடையில் மகிழுந்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இஃதென்ன பொருத்தம் என்று தாங்கள் வினவலாம். பத்தாண்டுகளாக இம்மன்றத்தில் ஓயாத வழக்கொன்று உண்டு: கவிதைக்கு அளவு வேண்டுமா, வேண்டாவா? அவ்வழக்கிற்கு எதிர்பாராத இடமொன்றிலிருந்து ஒரு சான்று கொணர்ந்துள்ளேன்.

ஐரோப்பாவில் பழைய மகிழுந்துகளைக் கொண்டு நடத்தப்பெறும் ஓட்டங்களுள் ஒருவகைக்கு ‘ரெகுலாரிட்டி ராலி’ என்று பெயர். தமிழில் ‘சீர்வேக ஓட்டம்’ எனலாம். இதில் முதலில் வந்தவர் வென்றவர் அல்லர். விதித்த சராசரி வேகத்தை வழிநெடுகக் காத்தவரே வென்றவர். மணிக்கு 48 கிலோமீட்டர் என்று விதித்தால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 75 நொடி. பிந்தினாலும் தண்டம், முந்தினாலும் தண்டம். நேரம் குறிக்கும் சாவடி எங்குள்ளது என்பதைப் பல ஓட்டங்களில் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆகவே இறுதியில் கணக்கைச் சரிசெய்துகொள்ள வழியில்லை.

இவ்வொழுங்கின் அருமையை உணர இத்தாலியின் ‘மில்லே மில்யா’ வரலாற்றை அறிதல் வேண்டும். ஆயிரம் மைல் என்பது அப்பெயரின் பொருள். பிரெஷா நகரில் புறப்பட்டு உரோமாபுரி சென்று மீளும் அப்பந்தயம் 1927-இல் தொடங்கியது. அது முற்றிலும் விரைவுப் போட்டி. 1955-இல் ஸ்டர்லிங் மாஸ் என்னும் ஆங்கிலேயர் மெர்சிடிஸ் வண்டியில் 10 மணி 7 நிமிடம் 48 நொடியில் அதை வென்றார். அருகில் அமர்ந்தவர் டெனிஸ் ஜென்கின்சன் என்னும் பத்திரிகையாளர். வழியின் வளைவுகளையும் மேடுகளையும் முன்னரே கண்டு, ஏறத்தாழ 5 மீட்டர் நீளத் தாட்சுருளில் எழுதி, சிறு பெட்டிக்குள் உருட்டிப் படித்தார். இரைச்சலில் பேச்சுக் கேளாது, கைச்சைகையால் உணர்த்தினார். மேட்டிற்கு அப்பால் என்ன உண்டென்று காணாமலே, படித்தவரை நம்பி மற்றவர் விரைந்தார்.

இரண்டே ஆண்டுகளில் அவ்விரைவு உயிர்ப்பலி கொண்டது. 1957 மே 12 அன்று குயிதித்சோலோ என்னும் ஊரருகே ஃபெராரி வண்டியொன்றின் டயர் வெடித்தது. ஓட்டிய அல்ஃபோன்சோ தெ போர்த்தாகோவும் துணைவர் எட்மண்ட் நெல்சனும் மாண்டனர். சாலையோரம் வேடிக்கை பார்த்து நின்ற ஒன்பது பேரும் மாண்டனர். அவர்களுள் ஐவர் குழந்தைகள். அத்தோடு அவ்விரைவுப் பந்தயம் முடிந்தது.

1977-இல் அப்பெயர் மீண்டும் உயிர்பெற்றது, சீர்வேக ஓட்டமாக. 1927 முதல் 1957 வரை ஓடிய வகை வண்டிகளுக்கே அதில் இடம். அன்று பத்து மணியில் பறந்த பயணத்தை இன்று பல நாள்களில் முடிக்கின்றனர். சாலைக்குக் குறுக்கே கிடக்கும் மெல்லிய குழாயின்மீது சக்கரம் ஏறும் கணத்தை, நொடியை நூறாகப் பகுத்து அளக்கின்றனர். கண்ணிமைப் பொழுதையும் கைநொடிப் பொழுதையும் கொண்டு மாத்திரையை வரையறுத்த தொல்காப்பியரை நான் நினைத்துக்கொண்டேன்.

அளவு என்றால் மந்தம் என்று எண்ணிவிட வேண்டா. மான்டி கார்லோவின் வரலாற்று ஓட்டம் 1,607 மீட்டர் உயரமுள்ள தூரினிக் கணவாய் வழியே செல்வதுண்டு. பனி உறைந்த கொண்டையூசி வளைவுகளில், அறுபதாண்டு கண்ட சிற்றெஞ்சினுக்கு 48 கிலோமீட்டரே பெருவேகம். ஏற்றத்தில் அதை உந்தவேண்டும், இறக்கத்தில் அடக்கவேண்டும். உந்துதலும் அடக்குதலும் ஓரளவுக்குள் அடங்குவதே அங்குக் கலை. அளவறிந்து சொல்லும் துணைவர் இன்றேல் அதுவும் இயலாது.

மரபு பாடுவோர் பக்கமே நான் வழக்குரைக்கிறேன் என்று கருதற்க. தளை தட்டாமல் எழுதியதெல்லாம் கவிதையாகிவிடாது. கடிகாரம் மட்டும் வண்டியை ஓட்டாது. புதுக்கவிதைக்கும் தனக்கென ஓர் அளவு உண்டு. அதை மன்றம் விதிக்காது. கவிஞரே கண்டுபிடித்துக் காக்கவேண்டும். சாவடி எங்கே நிற்கிறது என்று அவருக்கும் தெரியாது. எந்த அடியில் வாசகர் நின்று பார்ப்பார் என்பதை யாரறிவார்?

இறுதியாக என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். முனைவர் பட்டம் பெற்ற ஆண்டிலேயே, யாரும் முந்திவிடக் கூடாதென்ற பதைப்பில் என் கவிதைத் தொகுதியை வெளியிட்டேன். பாதிக் கவிதைகள் வேகாதவை. இம்மன்றத்து மூத்தவர் ஒருவர், “ஓராண்டு பொறுத்திருக்கலாம், அம்மா” என்றார். அன்று சினந்தேன். மாணவர் தாமதமாகத் தந்த கட்டுரைக்கெல்லாம் மதிப்பெண் குறைத்த நான், முந்தி வந்ததும் பிழையே என்பதை அறியாதிருந்தேன்.

குயிதித்சோலோவின் அருகே அச்சாலையோரத்தில் நினைவுச் சின்னமொன்று நிற்கிறது. நம் அவசரம் எவருயிரையும் கொல்வதில்லை, சொல்லைக் கொல்கிறது. வரும் பத்தாண்டில் நாம் எத்தனை நூல் வெளியிட்டோம் என்று எண்ணாமல், எத்தனை சொல்லை உரிய நேரத்தில் சேர்த்தோம் என்று எண்ணுவோமாக.