வேலையைக் கண்டறிதலும் தேர்ந்தெடுத்தலும்
(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இக்கழகம் தோன்றிய காலத்தில், "நம் பிள்ளை பத்தாம் வகுப்பைத் தாண்டுவானா?" என்பதே நம் குடும்பங்களின் கவலையாக இருந்தது. இன்று நம் பெற்றோர் கேட்கும் கேள்வி வேறு. "படிப்போடு என்ன தொழிலைப் பழகச் சொல்வது? எந்தப் பயிற்சியில் சேர்ப்பது?" என்று கேட்கின்றனர். அக்கேள்விக்கு என்னால் இயன்ற விடையைக் கூறவே இம்மேடையில் நிற்கின்றேன்.

கல்வியோடு தொழிலை இணைக்கும் எண்ணம் நம் நாட்டிற்குப் புதிதன்று. 1937இல் வார்தாவில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். 1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரிக் கல்விக் குழு, பணி அனுபவம் எல்லா மாணவர்க்கும் கல்வியின் ஒரு கூறாக அமைய வேண்டும் என்று பரிந்துரைத்தது. நம் மாநிலத்தில் 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது, அதனுள் தொழிற்கல்விப் பிரிவும் இடம்பெற்றது. இவை யாவும் நல்லெண்ணத்தின் விளைவுகளே. எனினும், தொழில் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் மக்களுக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. அவ்வையம் காரணமின்றி எழுந்ததன்று.

1953இல் அன்றைய சென்னை மாநிலத்தில் இராஜாஜி அரசு ஒரு தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொணர்ந்தது. சிற்றூர்ப் பிள்ளைகள் நாளின் ஒரு பகுதி பள்ளியில் பயில வேண்டும். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதனை அழைத்தனர். பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1954இல் காமராசர் முதலமைச்சர் ஆன பின் அது கைவிடப்பட்டது. திட்டம் மறைந்தாலும் அதன் மனப்பான்மை உடனே மறைந்துவிடவில்லை. பணி அனுபவம் என்ற பெயரால் எத்தனையோ பள்ளிகளில் துடைப்பமும் தண்ணீர்க் குடமும் நம் பிள்ளைகளின் கைக்கே வந்தன என்பதை இவ்வரங்கில் அமர்ந்துள்ள மூத்தோர் அறிவர்.

ஆகவே தொழிற்பயிற்சியே நமக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவிடலாமா? ஒதுக்கினால் இழப்பு நமக்கே. மருத்துவர் வீட்டுப் பிள்ளை மருத்துவமனையின் நடைமுறையை உணவு வேளைப் பேச்சிலேயே அறிந்துகொள்கிறது. வழக்கறிஞர் மகன் நீதிமன்றத்தின் வாசலைச் சிறு வயதிலேயே மிதித்துவிடுகிறான். நம் பிள்ளைக்கு அத்தகைய வாய்ப்பு அமைவது அரிது. பிறர் வீட்டிலிருந்தே பெறும் அறிவை அது நாடிச் சென்று தேட வேண்டியுள்ளது. அந்தத் தேடலுக்கான வழியே பணி அனுபவம். அவ்வழியில் பலவும் நம்முன் உள்ளன. அவற்றுள் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பதற்கு நான்கு கேள்விகளை உங்கள்முன் வைக்கின்றேன்.

முதற்கேள்வி: அவ்விடத்தில் கற்பிப்பவர் உளரா? கோடை விடுமுறையில் பந்தியில் பரிமாறவும், கட்டடத்தில் செங்கல் சுமக்கவும் செல்லும் மாணவன் கூலி பெறுகிறான். வறுமையில் அக்கூலியைக் குறை கூற எனக்கு மனமில்லை. ஆனால் அது பயிற்சியாகிவிடாது. பதினான்கு வயதிற்கு உட்பட்டோரைப் பணியமர்த்துவதைச் சட்டம் தடை செய்கிறது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவது போன்ற சில விலக்குகளே உண்டு. பதினெட்டு வயது நிரம்பாதோரை ஆபத்தான தொழில்களில் அமர்த்தலாகாது என்பது 2016ஆம் ஆண்டுத் திருத்தம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும்வரை என்று வேலைக்கு அனுப்பப்படும் பிள்ளையைப் பள்ளி திறக்கும் நாளில் மீட்டுக் கொணர்வது பெற்றோரின் தலையாய கடமை.

இரண்டாம் கேள்வி: எழுத்து மூலமான உறுதி உண்டா? 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இதற்கு நல்ல அளவுகோல். அச்சட்டப்படி ஒப்பந்தம் எழுதப்பட்டுப் பதிவு செய்யப்பட வேண்டும். மாதந்தோறும் உதவித்தொகை வழங்கப்பட வேண்டும். 1973இல் செய்யப்பட்ட திருத்தம் ஆதிதிராவிடர்க்கும் பழங்குடியினர்க்கும் பயிற்சியிடங்களை ஒதுக்கியது. பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலை, திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் போன்ற பொதுத்துறை நிறுவனங்களில் தொழிற்பழகுநர் பயிற்சி பெறலாம். பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை தரவேண்டும் என்ற பொதுக் கட்டாயம் சட்டத்தில் இல்லை என்பதையும் முன்கூட்டியே அறிந்திருங்கள். ஆயினும் கையில் ஒரு சான்றிதழும் விரல்களில் ஒரு தொழிலும் மிஞ்சும்.

எழுத்து என்றால் எந்த எழுத்தும் போதுமா? போதாது. நம் மாநிலத்தின் மேற்கு மாவட்ட நூற்பாலைகள் பலவற்றில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நடந்ததை நம் தாய்மார்கள் மறந்திருக்க மாட்டார்கள். திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை கிடைக்கும் என்று கூறி, ஏறக்குறைய மூன்றாண்டுகளுக்கு இளம்பெண்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்களுள் நம் சமுதாயத்துப் பெண்கள் ஏராளம். அவர்களைப் பழகுநர் என்றே ஏட்டில் எழுதினர். விடுதியை விட்டு வெளியேறவும் உரிமையின்றி, இடையில் உடல்நலம் கெட்டுத் திரும்பியபோது தொகையும் பெறாமல் வந்தவர் பலர். பெண்ணைப் பயிற்சிக்கு அனுப்பும் முன் ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்; தங்குமிடத்தை நேரில் பாருங்கள்; விரும்பிய நாளில் பெற்றோர் சந்திக்க இசைவு உண்டா என்று கேளுங்கள்.

மூன்றாம் கேள்வி: இதற்கு மேல் ஏறிச் செல்லப் படி உண்டா? தொழிற்பயிற்சி நிலையத்தில் சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியும் பிறவற்றிற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் தகுதியாகும். பத்தாம் வகுப்பிற்குப் பின் அங்கே ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன் போன்ற ஈராண்டுப் பயிற்சி முடித்தவர், பாலிடெக்னிக் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வழியுண்டு. பட்டயம் பெற்றவர் பொறியியல் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். "ஐ.டி.ஐ. சேர்ந்தால் அத்தோடு படிப்பு முடிந்தது" என்று எண்ணி வருந்தும் பெற்றோர் இதனை மனத்தில் கொள்க. இத்தகைய படியில்லாத குறுகிய காலப் பயிற்சிகள் கவர்ச்சியான விளம்பரங்களோடு வருகின்றன. கட்டணம் கட்டும் முன் அதன் சான்றிதழை எந்தக் கல்லூரி, எந்தத் தேர்வாணையம் ஏற்கிறது என்று வினவுங்கள்.

நான்காம் கேள்வியே நமக்கு மிகவும் இன்றியமையாதது: இவ்வேலை என் பிறப்பைப் பார்த்து எனக்கு நீட்டப்படுகிறதா? ஊர்த் தெருப் பிள்ளைக்கும் இதையே கொடுப்பார்களா? சாதி வேலைப் பிரிவினை மட்டுமன்று, வேலை செய்வோரையே பிரித்து வைத்த ஏற்பாடு என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் எடுத்துக்காட்டினார். இக்கேள்வியைக் கேட்பதால் எந்தத் தொழிலையும் இழிவாகக் கருதுகிறோம் என்பது பொருளன்று. தோலையே எடுத்துக்கொள்வோம். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் பச்சைத் தோலைச் சுமந்தும் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றும் உழைத்தவர்களில் நம்மவர் எண்ணற்றோர். அதே தோலைப் பற்றி ஆராயச் சென்னை அடையாற்றில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. தோல் தொழில்நுட்பத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தில் பொறியியற் பட்டமே உண்டு. தொட்டியருகே மட்டும் நின்று திரும்பிய மாணவன் பாதியையே கண்டான். ஆய்வுக்கூடத்தையும், ஏற்றுமதிக் கணக்கு எழுதும் மேசையையும், மேலாளர் அறையையும் காட்டுங்கள் என்று கேட்கும் மாணவனே தொழிலை முழுமையாகக் காண்கிறான்.

பட்டம் ஒன்றே போதும், பணியிடத்தைப் பற்றிய அறிவு எதற்கு என்று சிலர் கேட்கலாம். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய அண்ணல் 1917இல் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். கடைநிலை ஊழியரும் கோப்புகளை அவர்முன் எட்ட நின்று எறிந்தனர்; தங்கியிருந்த விடுதியிலிருந்தும் அவர் விரட்டப்பட்டார். உலகப் புகழ் பெற்ற கல்வியும் அந்நாளில் அவருக்குத் துணை நிற்கவில்லை. இன்று சட்டம் துணை நிற்கிறது. எனினும் பணியிடத்தில் நம் பிள்ளையின் முறையீட்டைக் கேட்க யார் உளர் என்பதைச் சேரும் முன்பே அறிந்துகொள்வது நன்று.

இறுதியாகக் கழகத்தாருக்கு ஒரு விண்ணப்பம். இருபத்தைந்து ஆண்டுகளில் இங்கே பயின்றோர் இன்று செவிலியராகவும், ஆசிரியராகவும், வங்கி ஊழியராகவும், மின்வாரியப் பணியாளராகவும் உள்ளனர். அவர்கள் பெயர்களை ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டில் மூன்று நாட்களேனும் அவர்களுள் ஒருவரின் பணியிடத்தை, உரிய இசைவு பெற்று, உடனிருந்து காணட்டும். மூன்று நாட்களில் தொழிலைக் கற்க இயலாது. "இந்நாற்காலியில் நானும் அமரலாம்" என்று எண்ண இயலும். திரும்பி வந்ததும் கண்டதை இரண்டு பக்கம் எழுதி நூலகத்தில் வைக்கட்டும். அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு அதுவே வழிகாட்டி நூலாகும்.

மாணவச் செல்வங்களே! உங்கள் பாட்டனார்க்கு வேலை பிறப்போடு வந்தது. உங்கள் பெற்றோர்க்கு அது பசியோடு வந்தது. நீங்கள் அதனைக் கண்டு, கேட்டு, ஆராய்ந்து தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெறுவதற்காகவே இக்கழகம் தோன்றியது.