பொதுமை காணல்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. உலையிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டுப் பானை முழுவதும் வெந்துவிட்டது என்று வீட்டுப் பெண்டிர் துணிகின்றனர். அத்துணிவு பெரும்பாலும் பொய்ப்பதில்லை. ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே நெருப்பு. இடையிடையே கிளறியும் விடுகின்றனர். ஆகவே ஒரு பருக்கை மற்றவற்றிற்குச் சான்று கூறும் தகுதியைப் பெறுகிறது. பழைய அரிசியும் புதிய அரிசியும் கலந்து உலையிலிட்ட அன்று இப்பழமொழி உதவாது.

சிலவற்றைக் கண்டு பலவற்றைப் பற்றித் துணிதலையே பொதுமை காணல் என்கிறோம். இஃது அறிஞர்க்கே உரிய தொழிலன்று. வீட்டு நாயைச் சுட்டி ஒரு சொல்லைக் கற்ற குழந்தை, தெருவில் போகும் ஆட்டையும் கன்றையும் அச்சொல்லாலேயே அழைக்கிறது. 1920ஆம் ஆண்டில் அமெரிக்க உளநூலார் வாட்சனும் ரெய்னரும் 11 மாதக் குழந்தை ஒன்றிற்கு வெள்ளெலியைக் காட்டும்போதெல்லாம் அதன் பின்னே இரும்புத் தண்டைச் சுத்தியலால் அடித்துப் பேரொலி எழுப்பினர். சில நாட்களில் எலியைக் கண்டாலே அது அழுதது. பின்னர் முயலுக்கும் நாய்க்கும் மயிர்த்தோல் அங்கிக்கும் கூட அஞ்சிற்று. கொடிய சோதனைதான்; இன்று எவரும் இதற்கு இசைவு தரமாட்டார்கள். ஆயினும், நம் உள்ளம் காரணம் தேடுவதற்கு முன்பே பொதுமை கண்டுவிடுகிறது என்பதை அது காட்டியது.

உள்ளம் தானே செய்யும் இவ்வேலையை அறிவு எவ்வாறு சோதிப்பது? இதற்கு விடை தேட நாம் காஞ்சியை விட்டு வெளியே போகவேண்டியதில்லை. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூலைக் கற்பிப்பது இக்காஞ்சி மாநகரில்தான். காஞ்சிக்கு அருகில் பிறந்தவர் என மரபு கூறும் திந்நாகரின் தருக்கநெறியே அங்கே தமிழில் பேசுகிறது. மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கு நெருப்புண்டு, அடுக்களையைப் போல. புகையுள்ள இடமெல்லாம் நெருப்புள்ள இடம் என்னும் பொதுமையே இதன் உயிர்நாடி. அப்பொதுமையை ஏற்க அடுக்களை ஒன்று போதாது. நெருப்பில்லாத இடத்தில் புகையும் இல்லை என்பதையும் காட்ட வேண்டும். சபக்கத்தில் இருத்தலும் விபக்கத்தில் இல்லாமையும் ஆகிய இரண்டும் நல்ல ஏதுவுக்கு வேண்டும். இரண்டு பக்கமும் காணப்படும் ஏதுவை அநைகாந்திகம் என்று பெயரிட்டு, போலிகளின் வரிசையில் வைத்தனர். நாமோ ஒத்து வரும் சான்றுகளை எண்ணி மகிழ்கிறோமேயன்றி, ஒவ்வாத பக்கத்தைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

பிள்ளையார்பாளையத்தில் நெடுநாள் வழங்கிய ஒரு கூற்றை இவ்வளவையால் அளந்து பார்ப்போம். "தறிக்காரர் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது" என்பது அது. ஆசிரியர் சிலர் வாயிலேயே இதனைக் கேட்டிருக்கிறேன். கணக்கில் தோற்ற நெசவாளர் மக்கள் பலரை அவர்கள் பெயர் சொல்லியே காட்டுவர். சரி, தறியே இல்லாத வீடுகளிலிருந்து வந்து தோற்றவர் எத்தனை பேர்? தறி வீட்டிலிருந்து வந்து தேறியவர் எத்தனை பேர்? இவ்விரண்டையும் எவரும் எண்ணவில்லை. அறவண அடிகள் கேட்டிருந்தால் இதனை அநைகாந்திகம் என்று தள்ளியிருப்பார்.

இதற்கு எதிர்க்கூற்றும் ஒன்றுண்டு. இழை எண்ணி வளர்ந்த பிள்ளைக்குக் கணக்குத் தானே வரும் என்பர். இதுவும் அவ்வளவு எளிதன்று. கோர்வைச் சேலைக்கு நெய்பவரோடு கரைப்பக்க நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும். முன்னாளில் அவ்வேலையை வீட்டுச் சிறுவர் பலர் செய்தனர். ஒரு புட்டாவுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை ஊடை ஓடவேண்டும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அதே கணக்கைக் கரும்பலகையில் வகுத்தலாக எழுதினால் விழித்து நிற்பர். பிரேசில் நாட்டு ரெசிஃபே நகரில் தெருவில் பொருள் விற்ற சிறுவரை ஆராய்ந்து 1985இல் வெளியிட்ட கட்டுரையும் இதனையே கூறுகிறது: கடையில் நூற்றுக்கு 98 விழுக்காடு சரியாகக் கணக்கிட்டவர்கள், அக்கணக்குகளையே வெறும் எண்களாகத் தந்தபோது 37 விழுக்காடே சரியாகச் செய்தனர்.

தறியிலிருந்து பலகைக்குப் பாலம் ஆசிரியர் கட்டவேண்டியது. ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளில் படித்தோர் ஜட் என்பவர் 1908இல் விவரித்த சோதனையை அறிவர். நீருக்குள் 12 அங்குல ஆழத்தில் இருந்த இலக்கின்மீது சிறுவர் அம்பெறிந்தனர். ஒரு சாராருக்கு மட்டும் நீரில் ஒளி விலகும் விதி கற்பிக்கப்பட்டிருந்தது. முதலில் இரு சாராரும் ஒத்தே எறிந்தனர். இலக்கை 4 அங்குல ஆழத்திற்கு உயர்த்தியவுடன், விதி கற்றவர் விரைவில் பழகிக்கொண்டனர், மற்றவர் தடுமாறினர். இதுவே நற்பொதுமை. பழகிய கை பழகிய இடத்தில் மட்டும் செல்லும். விதியறிந்த கை புதிய இடத்திலும் செல்லும்.

எழுத்துக்கு வருவோம். தமிழிலக்கண நூலார் பொதுவிதியை வகுத்தபின் சிறப்புவிதியும் புறனடையும் கூறினர். உரையாசிரியர் 'பெரும்பான்மை', 'சிறுபான்மை' என்று பிரித்துரைத்தனர். இன்று எழுதுவோர் பலர் 'எல்லோரும்', 'எப்போதும்' என்று தாராளமாக வீசுகின்றனர். மேடைக்கு அது பொருந்தலாம். ஆனால் ஒரு மாணவனைப் பற்றிய குறிப்பில் அது ஊறு செய்யும். ஒரு பள்ளியில், நெசவாளர் வீட்டுப் பையன் ஒருவனின் முன்னேற்ற அறிக்கையில் "கணக்கில் மந்தம்" என்று ஆசிரியர் எழுதி அனுப்பினார். தந்தை அதனைப் படிக்கக் கேட்டு, மறுவாரமே மகனைத் தறிக்குழியில் உட்கார்த்திவிட்டார். மூன்று தேர்வுத் தாள்களைக் கொண்டு ஒரு வாழ்நாளைப் பற்றிப் பொதுமை கண்ட குறிப்பு அது. அத்தாள்களைப் பின்னர் நான் பார்த்தேன். பையன் பெருக்கலில் பிழை செய்யவில்லை. ஈரிலக்க எண்ணால் வகுக்கும்போது மட்டும் ஈவில் பூச்சியம் இடவேண்டிய இடத்தை விட்டுவிட்டான். "வகுத்தலில் ஈவின் பூச்சியத்தை விடுகிறான்" என்று எழுதியிருந்தால் வரி சற்றே நீண்டிருக்கும். அடுத்த ஆசிரியருக்கு எங்கே தொடங்குவது என்பதும் தெரிந்திருக்கும்.