முனைவர் பட்டம் யாருக்கு எட்டுகிறது?

(பெங்களூருவில் தமிழ் உறுப்பினர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நமது உறுப்பினர் குடும்பங்களில் பொது நிர்வாகத்திலும் அரசியல் அறிவியலிலும் பொருளாதாரத்திலும் முதுகலை முடித்த பிள்ளைகள் இன்று இருக்கிறார்கள். 'முனைவர் பட்ட ஆய்வுக்குப் போவதா, கிடைத்த வேலையில் சேர்வதா?' என்று அவர்கள் கேட்கிறார்கள். விடை சொல்லும் பொறுப்பைப் பெற்றோரின் தலையில் மட்டும் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. நான் எம்.ஏ. தமிழோடு நின்றவன், ஆய்வாளன் அல்லன். ஆயினும் ஆங்கில அறிக்கைகளைத் தமிழாக்குவதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், அரசைப் பற்றிய அறிவு எங்கே, எந்தச் சொற்களில் உற்பத்தியாகிறது என்பதை அன்றாடம் காண்கிறேன்.

சொற்களிலிருந்தே தொடங்குகிறேன். முன்பெல்லாம் 'அரசாங்கம்' என்று எழுதப்பட்ட இடங்களில் இப்போது 'ஆளுகை' என்று வருகிறது. 1989-இல் சஹாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்க நாடுகளைப் பற்றி உலக வங்கி வெளியிட்ட அறிக்கைக்குப் பின்னர்தான் அச்சொல் உலகெங்கும் பரவியது. அதன் பின்னாலேயே 'ஸ்டேக்ஹோல்டர்' வந்தது. தமிழில் அதைப் பங்குதாரர் என்கிறார்கள். ஆலை முதலாளியும் பங்குதாரர், அந்த ஆலையில் தினக்கூலிக்குப் பெருக்குகிற பெண்ணும் பங்குதாரர்! இப்படிப்பட்ட சொற்களைக் கொண்டு எழுதப்படும் ஆய்வேடுகளே நாளை கொள்கைக் குறிப்புகளாகவும் அரசாணைகளாகவும் மாறுகின்றன. ஆகவே அவற்றை எழுதுவோர் யார் என்பது நமக்குப் புறம்பான விஷயமல்ல.

பொது விவகார ஆய்வில் உழைக்கும் மக்களின் பிள்ளை நுழைந்தால் என்ன நிகழும் என்பதற்கு அண்ணல் அம்பேத்கரைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. 1913-இல் அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றது பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில்: மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்றாண்டுகளுக்கு. அங்கிருந்து லண்டன் சென்றார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் அந்தப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு 1917-இல் நாடு திரும்ப நேர்ந்தது. பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி வளர்ந்த விதம் பற்றிய அவரது கொலம்பியா ஆய்வேடு 1925-இல்தான் நூலாக அச்சேறியது. பட்டம் 1927-இல் வழங்கப்பட்டது. பணம் நின்றால் படிப்பு நிற்கும் என்பது அவருக்கும் விதிவிலக்கின்றிப் பொருந்தியது.

அந்த ஆய்வேட்டின் பொருளைக் கவனியுங்கள். வரியை மத்தியில் குவித்துக்கொண்டு, செலவின் சுமையை மாகாணங்களின்மேல் ஏற்றிய காலனிய நிதி ஏற்பாடு அது. பதினைந்தாவது நிதிக் குழு கர்நாடகத்தின் வரிப் பங்கை 4.713 விழுக்காட்டிலிருந்து 3.647 விழுக்காடாகக் குறைத்தது. 2024 பிப்ரவரியில் கர்நாடக அரசும், மறுநாள் கேரள இடது ஜனநாயக முன்னணி அரசும் டில்லி ஜந்தர் மந்தரில் போராடின. நூறாண்டுக்கு முந்தைய ஆய்வேட்டின் கேள்வி இன்றும் தெருவில் நிற்கிறது.

இனி நாம் வாழும் நகரத்துக்கு வருவோம். இத்துறையில் ஆய்வு செய்வதற்குப் பெங்களூருவைப் போல் வாய்ப்புள்ள நகரங்கள் நாட்டில் சிலவே. நாகரபாவியில் சமூக, பொருளாதார மாற்றத்துக்கான ஆய்வு நிறுவனம் உள்ளது. மத்தியக் கல்வி அமைச்சராக இருந்த பொருளாதார அறிஞர் வி.கே.ஆர்.வி. ராவ் 1972-இல் அதைத் தோற்றுவித்தார். இந்திய சமூக அறிவியல் ஆய்வு மன்றமும் கர்நாடக அரசும் தரும் நிதியில், அதாவது மக்கள் பணத்தில், அது இயங்குகிறது. தேசிய சட்டப் பள்ளியும் அப்பகுதியிலேயே இருக்கிறது. பன்னேர்கட்டா சாலையில் இந்திய மேலாண்மைக் கழகம் இருக்கிறது. அங்கும் பொதுக் கொள்கையில் முனைவர் பட்டம் பெறலாம்.

பல்கலைக்கழகங்களுக்கு வெளியே, உலக வங்கியில் பணியாற்றிய சாமுவேல் பால் 1994-இல் இங்கே பொது விவகார மையத்தை நிறுவினார். குடிநீர், மின்சாரம், தொலைபேசி முதலிய சேவைகளுக்குக் குடிமக்களே மதிப்பெண் இடும் முறை அவர் கொண்டுவந்ததுதான். அலுவலகங்களில் நடக்கும் லஞ்சத்தை எண்களில் வெளிப்படுத்தியது அதன் பயன். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் பார்வையில் குடிமகன் என்பவர் சேவையைப் பெறும் வாடிக்கையாளர். குப்பை சரியாக அள்ளப்படுகிறதா என்று அது கேட்கும். விடியுமுன் அந்தக் குப்பையை அள்ளுகிற பௌரகார்மிகப் பெண்ணின் பணி நிரந்தரமா, கூலி எவ்வளவு என்ற கேள்வி அந்தப் படிவத்தில் எழாது. அவளுடைய மகள் ஆய்வாளராக வந்தால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

அவள் வருவதற்கான வழி எப்படி இருக்கிறது? எம்.ஃபில். என்ற படி 2022-ஆம் ஆண்டு யுஜிசி விதிமுறைகளால் நீக்கப்பட்டுவிட்டது. முதல் தலைமுறை மாணவர்கள் ஆய்வு என்றால் என்ன என்று கற்றுக்கொண்ட இடம் அது. அதே விதிமுறை, நான்காண்டு இளங்கலையில் 75 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர் நேரே முனைவர் பட்டத்துக்குப் போகலாம் என்கிறது. நல்ல கல்லூரியும் நல்ல ஆங்கிலமும் வாய்த்தவருக்கு இது குறுக்கு வழி. மற்றவருக்கு நடுப்படி இல்லாத ஏணி.

அடுத்தது நெட் தேர்வு. 2024 முதல் அதன் மதிப்பெண்ணே ஆய்வுச் சேர்க்கைக்கும் அளவுகோலாக ஆக்கப்பட்டது. மொழிப் பாடங்கள் தவிர மற்ற வினாத்தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகின்றன. தமிழ் வழியில் பொது நிர்வாகம் படித்த மாணவரும் கன்னட வழியில் படித்த மாணவரும் தம் பாடத்தில் தேர்வு எழுதுவது பிறர் மொழியில். இந்தி பேசுவோருக்குக் கிடைத்த உரிமை நமக்கு ஏன் இல்லை? அதையும் ஒழுங்காக நடத்தினார்களா என்றால், 2024 ஜூன் 18-இல் நடந்த தேர்வை மறுநாளே ரத்து செய்தார்கள்.

பணத்துக்கு வருகிறேன். நெட் வழியாக இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவோருக்கு 2019-இல் மாதம் 31,000 ரூபாயாகவும், 2023-இல் 37,000 ரூபாயாகவும் தொகை உயர்ந்தது. ஆய்வாளர்கள் தெருவுக்கு வந்து போராடிய பின்னரே 2019 உயர்வு கிடைத்தது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் அந்தத் தகுதி இல்லாதோருக்கான தொகை 8,000 ரூபாய். முன்னது 37,000 ஆனபோதும் இது நகரவில்லை. பெங்களூருவில் எட்டாயிரத்துக்கு ஓர் அறை கிடைக்குமா என்பதை இங்கே வாடகைக்குக் குடியிருக்கும் தோழர்களே சொல்லட்டும். அந்தத் தொகையையும் 2015 அக்டோபரில் நிறுத்த முயன்றார்கள். மாணவர்கள் டில்லியில் யுஜிசி அலுவலகத்தை முற்றுகையிட்டுக் காப்பாற்றினார்கள். மாநிலப் பல்கலைக்கழகங்களில் சேர்வோருக்கு அத்திட்டமே பொருந்தாது. சிறுபான்மை ஆய்வாளர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை நிறுத்தப்பட்டதை 2022 டிசம்பரில் மக்களவையில் அறிவித்தார்கள். ஹைதராபாத்தில் ரோஹித் வெமுலாவுக்கு மாதக்கணக்கில் உதவித்தொகை வழங்கப்படாமல் இருந்ததை நாம் மறந்துவிடக் கூடாது.

தடைகள் இவ்வளவு இருக்க, ஏன் போக வேண்டும்? கோலார் தங்கவயலிலிருந்து வந்த தோழர்கள் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்து உங்கள் பாட்டன்மார் நடத்திய வேலைநிறுத்தத்தை, வரலாற்றாசிரியர் ஜானகி நாயர் மைசூர் சமஸ்தானத்துச் சுரங்கத் தொழிலாளரையும் ஆலைத் தொழிலாளரையும் பற்றி ஆராய்ந்து 1998-இல் வெளியிட்ட நூலில் காணலாம். தேனி மாவட்டத்துக் கோகிலாபுரத்தில் 1977-இல் வி.கே. ராமச்சந்திரன் வீடு வீடாகச் சென்று திரட்டிய விவரங்கள், விவசாயக் கூலிகள் எவ்வாறு கட்டுண்டு கிடக்கிறார்கள் என்பதை மறுக்க முடியாதபடி நிறுவின. பின்னாளில் அவர் பெங்களூரு இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றினார். கேரளத் திட்டக் குழுவின் துணைத் தலைவராகவும் இருந்தார். பெங்களூருவைத் தளமாகக் கொண்ட வேளாண் ஆய்வுகளுக்கான அறக்கட்டளை மாண்டியா, கோலார், கலபுரகி மாவட்டக் கிராமங்களையும், நமது வெண்மணியையும் அதே முறையில் ஆராய்ந்துள்ளது. நிலம், கூலி, கடன் ஆகியவற்றைப் பற்றி மேடையில் நாம் பேசும்போது கையில் இருக்கும் எண்கள் இப்படி வந்தவை.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இந்த நூல்கள் எழுதப்பட்டது ஆங்கிலத்தில். விவரம் தந்த கூலிப் பெண்மணி தன்னைப் பற்றி எழுதப்பட்டதைப் படிக்க இயலாது. ஆய்வேட்டின் சுருக்கத்தையாவது, ஆய்வு நடந்த ஊரின் மொழியில் அச்சிட்டு அந்த ஊருக்குத் தர வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகங்களிடம் நாம் கோரிக்கையாகவே வைக்கலாம். மாணவர் சங்கத் தோழர்கள் இதை விவாதிக்க வேண்டும்.

நெட் தேர்வு ஆண்டுக்கு இருமுறை, ஜூனிலும் டிசம்பரிலும் வருகிறது. உங்கள் கிளைகளில் முதுகலை முடித்த பிள்ளைகளின் பெயர்களை அடுத்த கூட்டத்துக்குள் நகரக் குழுவிடம் கொடுங்கள். ஏற்கெனவே ஆய்வில் இருக்கும் தோழர்கள் மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவர்களுக்கு வகுப்பெடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆய்வு முன்வரைவை ஆங்கிலத்தில் எழுதத் தயங்குவோர் முதலில் தமிழில் எழுதிக்கொண்டு வரட்டும். அதை ஆங்கிலமாக்கும் வேலையை நான் செய்து தருகிறேன்.