துட்டி வீட்டில் நான் கேட்ட கேள்வி

மேடையில் பேசிப் பழக்கம் இல்லை, தப்பு இருந்தால் பொறுத்துக்கிடுங்க.

எங்க குழுவில் ஒரு அக்கா. அவங்க வீட்டுக்காரர் உயிரை மாய்ச்சுக்கிட்டார். அவங்க சம்மதம் வாங்கித்தான் சொல்றேன், பேர் சொல்லமாட்டேன். துட்டி கேட்கப் போன நான், "உங்களுக்கு முன்கூட்டியே ஒண்ணும் தெரியலையா அக்கா?"ன்னு கேட்டுட்டேன். ஆறுதலாகக் கேட்டதாத்தான் நினைச்சேன். பதினாறாம் நாள் அடியந்திரம் முடிஞ்சதும் யாரும் அந்த வீட்டுப்பக்கம் போகல. அவங்களும் கூட்டத்துக்கு வரல. நோட்டில் 'வரவில்லை', 'சேமிப்பு பாக்கி'ன்னு மூணு மாசம் எழுதினோம். ஏன் வரலைன்னு ஒருத்தரும் கேட்கல.

பிறகு ஒருநாள் மனசு கேட்காமல் போனேன். ஆளே பாதியாகிட்டாங்க. சாப்பாடு இறங்கல, உறக்கம் இல்ல. பேசாமல் பக்கத்தில் இருந்தேன். ரொம்ப நேரம் கழிச்சு, "நீ அன்னைக்குக் கேட்டதைத்தான் பிள்ளே ராத்திரியெல்லாம் எனக்குள்ளேயே கேட்டுக்கிட்டிருக்கேன்"ன்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கும் செத்துப்போயிரலாம்னு தோணுதா அக்கா?"ன்னு நேராகவே கேட்டேன். அழுதுக்கிட்டே தலையாட்டினாங்க.

இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிரும்னு நாம பயப்படுறோம். அது அப்படி இல்லை, கேட்டால் பாரம் இறங்கும்னு மனநல மருத்துவர்கள் சொல்றாங்க. அன்னைக்கு ராத்திரி அவங்களைத் தனியாக விடல. மறுநாள் ரெண்டு பேர் கூடப்போய் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் காட்டினோம். மருந்து வேலை செய்யச் சில வாரம் ஆகும், கொஞ்சம் தெளிஞ்சதும் தானாக நிறுத்தக் கூடாதுன்னு சொன்னாங்க. குழுவில் தீர்மானம் போட்டு அவங்க கடன் தவணையைத் தள்ளி வச்சோம். முறை வச்சு தினம் ஒருத்தர் போனோம். பாதி நாள் சும்மா பூக்கட்டிக்கிட்டு இருந்ததுதான்.

நாம தெரிஞ்சு வைக்க வேண்டியது சில உண்டு. 14416, இது டெலிமானஸ் எண். 2022 அக்டோபரில் தொடங்கினது. இருபத்துநாலு மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். 104-லும் பேசலாம். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கின சினேகா அமைப்பும் இதற்காகவே இருக்கு. உயிர் பிழைச்சவங்க மேல போலீஸ் கேஸ் வரும்னு பயந்து மறைக்காதீங்க. 2017 மனநலச் சட்டப்படி அவங்க கடும் மன அழுத்தத்தில் இருந்தவங்க, தண்டிக்கக் கூடாது.

வயலுக்கு வாங்குற பூச்சிமருந்தை வீட்டில் கைக்கெட்ட வைக்காதீங்க. காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் பூட்டுப் பெட்டிகள் அமைச்சு எல்லார் மருந்தையும் ஒரே இடத்தில் வச்சுப் பார்த்திருக்காங்க. இலங்கையில் கொடிய மருந்துகளை ஒவ்வொண்ணாகத் தடை செஞ்சதும் இந்தச் சாவுகள் வெகுவாகக் குறைஞ்சது. அந்த நேரத்து வேகம் தணிஞ்சால் உயிர் தங்கும்.

அந்த அக்கா இப்போ கூட்டத்துக்கு வாறாங்க. வெசனம் முழுசாகப் போயிட்டுன்னு சொல்லமாட்டேன், சில நாள் பேச்சே இருக்காது. ஆனால் வாறாங்க.

என் வேண்டுகோள் ஒண்ணுதான். ரெண்டு கூட்டம் ஒருத்தர் வரலைன்னால், அபராதம் எழுதும் முன்னே அவங்க வீட்டுக்கு ஒரு நடை போய் வாங்க. "ஏன் நடந்தது?"ன்னு கேட்காதீங்க. "சாப்பிட்டியளா?"ன்னு கேளுங்க.