காப்பும் கட்டும்: மலையகத் தோட்டக் குடியிருப்புகளில் மனைக்காவலும் மெய்க்காவலும்

கடல்மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேல், இலங்கை மலையகத்தில் அமைந்த பொகவந்தலாவைத் தேயிலைப் பள்ளத்தாக்கில் நாட்டார் காப்பு மந்திரம் பற்றிப் பேச ஓர் அவை கூடுவது காலத்தால் செய்யப்படும் கடமையாகும். தமிழர் நாட்டார் வழக்காறுகளை ஆராய்ந்தோர் பெரும்பாலும் கிராமத்தையே களமாகக் கொண்டனர்; சொந்த நிலமும் சொந்த வாசலும் இல்லாத மக்கள் தம் வீட்டை எவ்வாறு காத்துக்கொண்டனர் என்ற கேள்விக்கு விடை சொல்லத்தக்க களம் இம்மலையகமே.

காப்பு மந்திரம் என்பது, கண்பார்வை, தீச்சொல், காத்துக் கருப்பு, செய்வினை முதலியவற்றால் வருவதாக நம்பப்படும் தீங்கைத் தடுக்க, கைக்கெட்டும் பொருள்களையும் வழிவழி வந்த சில சொற்களையும் கொண்டு மக்கள் செய்துகொள்ளும் செயல்களின் தொகுதியாகும். இதனை மனைக்காவல், மெய்க்காவல் என இரண்டாகப் பகுக்கலாம். வாசலுக்குச் சாணம் தெளித்துக் கோலமிடுவதும், நிலையில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டுவதும், செவ்வாய் வெள்ளிகளில் சாம்பிராணிப் புகை காட்டுவதும் முதல் வகையைச் சேர்ந்தவை. குழந்தையின் கன்னத்து மைப்பொட்டு, கைக்குக் கட்டும் வசம்பு, இடுப்பின் அரைஞாண் கயிறு, உலர்ந்த தொப்புள்கொடித் துணுக்கை உள்ளே வைத்த தாயத்து, பூசாரி மந்திரித்துக் கொடுக்கும் திருநீறு ஆகியன இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. மந்திரவாதிகள் திசைக்கட்டு, உடற்கட்டு என்று வழங்குவனவும் இவ்விரண்டின் விரிவே. தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டிக் கவசம் உறுப்பு உறுப்பாகப் பெயர் சொல்லிக் காவல் வேண்டும்போது, உடற்கட்டு பக்தியின் வடிவம் பெறுகிறது.

இவ்வழக்கம் நேற்று முளைத்ததன்று. புறநானூற்றின் 281ஆம் பாடலில் அரிசில்கிழார், போரில் புண்பட்டுக் கிடக்கும் வீரனைக் காக்க அவன் வீட்டில் இரவத்தழையும் வேப்பிலையும் செருகி, ஐயவி எனப்படும் வெண்சிறுகடுகைத் தூவி, குழலூதி, மணியடித்து, காஞ்சிப்பண் பாடி, நறும்புகை எழுப்பும் முறையை வரிசைப்படுத்துகிறார். 296ஆம் பாடலிலும் வேம்பும் ஐயவிப் புகையும் இடம்பெறுகின்றன. மணிமேகலை குறிப்பிடும் ஐம்படைத்தாலி, திருமாலின் ஐந்து படைக்கலங்களின் வடிவத்தைக் குழந்தையின் கழுத்தில் காவலாக அணிவித்ததைக் காட்டுகிறது. இலை, கடுகு, புகை, ஒலி, அணி என்ற இவ்வைந்தும் இன்றைய தோட்டக் குடியிருப்பிலும் ஏதேனும் ஒரு வடிவில் காணக்கிடைப்பன என்பதை எண்ணும்போது, தமிழகத்திலிருந்து இம்மலையகத்தின் கோப்பித் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டோர் வெறுங்கையோடு வந்தவர்களல்லர் என்பது விளங்கும்.

வந்த இடத்தில் அவர்களுக்குக் கிடைத்தது லயம். ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த காம்பரா எனும் அறைகளும், ஒவ்வொன்றின் முன்னும் இஸ்தோப்பு எனும் சிறு திண்ணையும், இரு குடும்பங்களுக்கு இடையே ஒரே சுவருமாக அமைந்த இக்குடியிருப்பில், ஒரு வீட்டின் அடுப்புப் புகையும் பேச்சும் அடுத்த வீட்டுக்கு உரியனவாகிவிடும். கட்டடம் வெள்ளைக்காரத் துரையின் கம்பனியிடமிருந்து 1975இல் அரசுக்கும், 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிருவாகத்துக்கும் கைமாறியது. உள்ளே வாழ்ந்தோர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. சட்டம் எல்லை வகுத்துத் தராத வீட்டுக்கு, வாசலில் இட்ட கோலமும் நிலையில் கட்டிய காப்புமே எல்லை வகுத்தன. இது வீடு, இதற்குள் வாழ்வது ஒரு குடும்பம் என்று அவை நாள்தோறும் அறிவித்தன.

இவ்வழக்கின் உட்பொருள் கண்ணேறு கழிக்கும் சடங்கில் துலக்கமாகத் தெரியும். பொழுது சாயும் வேளையில் பிள்ளையைக் கிழக்கு நோக்கி உட்கார வைத்து, அப்பாயியோ அம்மாயியோ உப்பு, செத்தல் மிளகாய், கடுகு, பாதைகள் கூடும் இடத்து மண் ஆகியவற்றைக் கைக்குள் பொதிந்து, வலமும் இடமுமாக மும்முறை சுற்றுவார். சுற்றும்போது வந்தவர் கண், போனவர் கண், உறவின் கண், ஊரின் கண், பெற்றவள் கண் என ஒன்றையும் விடாமல் அடுக்கிச் சொல்லுவார். பிள்ளை மூன்று முறை துப்பியபின், கைப்பொதி மிலாறு எரியும் அடுப்பில் போடப்படும். மிலாறு என்பது கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் காய்ந்த கிளை. கடுகு வெடித்தும் மிளகாய் நெடி எழாவிட்டால் கண்ணேறு பெரிதாக இருந்தது என்றும், அது கழிந்தது என்றும் கொள்வர்.

இங்கு ஊன்றி நோக்கத்தக்கது, அடுக்கிச் சொல்லும் வரிசையில் தனியொருவர் பெயரும் இல்லாமையும், பெற்ற தாயின் கண்ணும் சேர்த்துச் சொல்லப்படுவதுமாகும். பொறாமை என்பது எல்லார் கண்ணிலும் இருக்கக்கூடியது என்று ஒப்புக்கொண்டு, குற்றத்தை எவர்மீதும் சுமத்தாமல் நெருப்பில் இட்டுவிடும் இச்செயல், ஒட்டிய சுவர்களுக்கிடையே பல குடும்பங்கள் பகையின்றி வாழ உதவிய சமூக அறிவாகும். சூனியம், செய்வினை என்ற குற்றச்சாட்டோ இதற்கு நேர்மாறானது. அது பெயர் சொல்லி ஒருவரைக் குறிவைத்து அண்டை வீட்டைப் பகையாக்குகிறது. காப்பு மந்திரத்தை ஆராய்வோர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதும், ஒன்றாகக் கலந்து போற்றுவதும் பிழையாகும்.

மனையைக் கடந்து மலைக்கும் ஆலைக்கும் இக்காவல் விரிந்தது. மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி 1925இல் எழுதிய கட்டுரையில், துரோப்ரியாந்துத் தீவினர் அமைதியான உட்கழி மீன்பிடியில் மந்திரத்தை நாடாமல், ஆபத்து நிறைந்த திறந்த கடல் மீன்பிடியிலேயே நாடினர் என்று காட்டினார். தோட்டத்திலும் அஞ்சத்தக்க இடங்களிலேயே புதிய காவல் தெய்வங்கள் தோன்றின. தொழிற்சாலையின் சுழலும் சக்கரத்தருகே ரோதமுனியும், கூரிய கத்தியோடு செய்யும் கவ்வாத்து வேலைக்குக் கவ்வாத்துச்சாமியும் காவலாயினர். ஊரிலிருந்து உடன்வந்த முனியாண்டியும் மாடசாமியும் மலையோரத்துக் கல்லிலும் சூலத்திலும் குடிகொண்டனர். இயந்திரத்துக்கும் ஒரு முனியைக் கண்ட இக்கற்பனை, தொழிலாளர் தம் கைகால்களின் மதிப்பை எவ்வளவு உணர்ந்திருந்தனர் என்பதற்குச் சான்றாகும்.

அண்டையில் வாழும் சிங்கள மக்களிடமும் எஸ்வஹ எனப்படும் கண் நஞ்சு, கடவஹ எனப்படும் வாய் நஞ்சு என்ற கருத்துகளும், எலுமிச்சை வெட்டித் தோஷம் கழிக்கும் முறையும், பிரித் எனும் பௌத்தக் காப்புரை ஓதிக் கட்டும் நூலும் உள்ளன. அரசியல் பிரித்த இரு சமூகங்கள் அச்சத்தையும் அதற்கான மருந்தையும் பகிர்ந்துகொண்டிருப்பது, ஒப்பாய்வுக்கு உரிய வளமான பகுதியாகும்.

இவ்வழக்குகளை மதிப்பது, அவற்றை மருத்துவத்துக்கு மாற்றாகக் கொள்வதாகாது. கொழுந்து பறிக்கையில் குளவி கொட்டியவருக்கும், காய்ச்சல் இறங்காத குழந்தைக்கும், பேறுகால வலியில் உள்ள பெண்ணுக்கும் உடனே வேண்டுவது மருத்துவமனையே. திருநீறு அவர்களோடு செல்லலாம், அவர்களைத் தாமதப்படுத்தலாகாது. அச்சத்தை முதலாக்கிப் பெருந்தொகை பறிக்கும் பரிகார வாணிகத்தையும் இவ்வவை கண்டிக்கக் கடமைப்பட்டுள்ளது. அடுப்படியில் உப்பும் மிளகாயும் கொண்டு ஒரு மூதாட்டி செய்ததற்கு எக்காலத்திலும் கட்டணம் இருந்ததில்லை.

இனி ஆய்வாளர் முன்னுள்ள பணிகள் மூன்று. வறண்ட நிலத்துக்குரிய வேம்பு குளிரும் மழையும் மிகுந்த இம்மலையில் எளிதில் தழைப்பதில்லை. அதன் இடத்தை எத்தோட்டத்தில் எவ்விலை பெற்றது என்பதைப் பதிவு செய்வது முதற்பணி. கண்ணேறு கழிக்கும் சொல்லடுக்குகளைச் சொல்பவரின் இசைவோடும் பெயர் மதிப்போடும் ஒலிப்பதிவு செய்வது இரண்டாவது. மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளையின் தொகுப்புப் பணியை அது தொடரும். 2017இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர், தோட்ட மக்களுக்காக ஏற்கெனவே கட்டப்பட்டுவந்த 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். லயத்திலிருந்து தனிவீட்டுக்கும் ஏழு பேர்ச் நிலத்துக்கும் செல்லும் குடும்பங்கள் எந்தக் காப்பை உடன்கொண்டு செல்கின்றன, எதனைக் கைவிடுகின்றன என்று காண்பது மூன்றாவது. காணி உறுதியோடு கூடிய வாசல் கிடைத்தபின் காவலின் பொருள் எவ்வாறு மாறுகிறது என்பதை நேரில் காணும் வாய்ப்பு இத்தலைமுறை ஆய்வாளருக்கே வாய்த்துள்ளது. அப்பணியைத் தோட்டத்து மூதாட்டியரை ஆசிரியராகக் கொண்டு தொடங்குமாறு வேண்டி, இக்கருத்தரங்கு இத்தலைமையுரையுடன் தொடங்கி வைக்கப்படுகிறது.