மாற மறுப்பவரிடம் எப்படிப் பேசுவது?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் குடும்ப ஆலோசகர் பேசியதன் எழுத்து வடிவம்)



"எங்க வீட்டுக்காரரை எப்படியாவது குடியை நிறுத்த வையுங்க" என்றுதான் என்னிடம் வருகிற பெண்களில் பாதிப் பேர் கேட்கிறார்கள். அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டும் வருகிறார்கள். இழுத்து வந்தவரிடம் பேசுவதுதான் கஷ்டம். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

குடி கெடுதல் என்று அவருக்குத் தெரியாதா? பாட்டில் மேலேயே எழுதியிருக்கிறதே! அவர் மனசுக்குள் ரெண்டு பேர் உட்கார்ந்து வழக்காடுகிறார்கள். ஒருத்தர் 'விட்டுடணும்' என்கிறார். இன்னொருத்தர் 'இது இல்லாம தூக்கம் வராது' என்கிறார். நாம் போய் "விடு, விடு" என்று முதல் ஆள் பேச்சைப் பேசிவிட்டால், அவருக்கு மிச்சம் இருப்பது ரெண்டாவது ஆள் பேச்சு மட்டும்தான். "என் காசுல குடிக்கிறேன், உனக்கென்ன?" என்பார். அப்படிச் சொல்லச் சொல்ல அதுவே அவருக்கு உறுதியாகிவிடும். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்கிற உளவியலாளர், குடிநோயாளிகளோடு பழகிப் பார்த்து, 1983-ல் இதைத்தான் எழுதினார். மாறுவதற்கான காரணம் மாற வேண்டியவர் வாயிலிருந்தே வர வேண்டும். அதை வரவழைப்பது மட்டும்தான் நம் வேலை.

எப்படி வரவழைப்பது? ஒரு குழுவின் ஊக்குநர், காலை நேரத்தில், அவர் நிதானமாக இருக்கும்போது, நாலு பேர் இல்லாத இடத்தில் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"அண்ணே, குடிச்சா உங்களுக்கு என்ன சுகம் கிடைக்குது?"

இதைக் கேட்டதும் உங்களுக்கு என் மேலேயே கோபம் வரும். ஆனாலும் கேளுங்கள். யாரும் அவரிடம் கேட்காத கேள்வி அது.

"மூட்டை தூக்கிட்டு வந்தா இடுப்பு கழண்டு போவுதும்மா. ஒரு குவார்ட்டர் போட்டாதான் படுக்க முடியுது."

"உடம்பு வலிக்குத்தான் குடிக்கிறீங்க. சரிண்ணே. அதுல பிடிக்காதது ஏதாச்சும் இருக்கா?"

கொஞ்ச நேரம் பேசமாட்டார். நீங்களும் பேசாதீர்கள்.

"பாப்பா இப்பல்லாம் கிட்ட வர்றதில்ல."

இந்த இடத்தில் "அதைத்தானே நாங்க சொல்றோம்!" என்று பாய்ந்தால் போச்சு. "பாப்பா கிட்ட வராதது உங்களுக்கு வலிக்குது" என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லுங்கள். அவரே மேலே பேசுவார்.

"குடியை விடணும்ங்கற எண்ணத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?" என்றும் கேட்கலாம். "மூணு" என்பார். "மூணுதானா?" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். "முட்டை போடாம மூணு போட்டீங்களே, ஏன்?" என்று கேளுங்கள். அதற்கு வருகிற பதிலெல்லாம் விடுவதற்கான காரணமாகவே இருக்கும். சபரிமலைக்கு மாலை போட்டவராக இருந்தால் இன்னும் வசதி. "விரத நாள் முழுக்க எப்படிண்ணே இருந்தீங்க?" தன்னால் முடியும் என்பதை அவரே சொல்லிவிடுவார்.

ஒரே நாளில் எதுவும் நடக்காது. ஆடித் திருவிழாவில் மறுபடி குடித்துவிட்டார் என்றால், அதுவரை குடிக்காமல் இருந்த மாதங்கள் வீண் என்று பேசவேண்டாம். அன்றைக்கு என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள்.

இதையெல்லாம் மனைவிதான் செய்யணும் என்று நான் சொல்லவே மாட்டேன். ராத்திரி அடி வாங்கினவள் காலையில் உட்கார்ந்து மார்க் கேட்க முடியுமா? அவர் மதிக்கிற மச்சானோ மாமனோ ஊக்குநரோ பேசட்டும். அவர் மாறுகிற வரைக்கும் அடியைப் பொறுத்துக்கோ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-லேயே வந்துவிட்டது. 181-க்குக் கூப்பிடலாம்.

இன்னும் ரெண்டு விஷயம், உயிர் சம்பந்தப்பட்டது. அவருக்குத் தெரியாமல் சோற்றில் மாத்திரை கலந்து கொடுப்பது நம் பக்கம் சகஜமாகிவிட்டது. டைசல்பிராம் என்கிற மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி, உயிரே போகலாம். அவர் சம்மதத்தோடு, டாக்டர் எழுதித்தான் கொடுக்க வேண்டும். அதேபோல் பல வருஷமாகத் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ரெண்டு மூணு நாளுக்குள் கை நடுங்கும், வலிப்பு வரலாம், ஆள் தெரியாமல் உளறலாம். "பேய் பிடிச்சிருக்கு" என்று கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மா, தன் கணவரைக் குடியால் இழந்தபிறகு, 1980-ல் குடிநோய்க்கென்றே சிகிச்சை மையம் தொடங்கினார். இப்போது மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் கேட்க 14416, குடி, போதைக்கென்றே 14446, ரெண்டுக்கும் காசு கிடையாது. குழுவின் தீர்மான நோட்டில் கடைசிப் பக்கத்தில் இந்த எண்களை எழுதி வையுங்கள். அந்த நோட்டை வீட்டில் யாரும் புரட்டிப் பார்க்கமாட்டார்கள்.